ஒரு தாய் என் கழுத்தில் வைத்த பிள்ளை

பாப்பா, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். "ப்பா, அந்தப் பக்கத்துல நான் போட்டிருக்கிற வார்த்தை போதுமா, போதாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எனக்கு அது போதும்" என்றாய். இன்று வியாழன். நாளை மாலைக்குள் நீ லண்டன் பதிப்பகத்துக்குப் பதில் அனுப்பியாக வேண்டும் என்று தெரிந்தும், நாலு நாளாக உன் போன் வந்தால் அம்மாவிடம் நீட்டிவிட்டு, நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க இது, காலைலேர்ந்து நடந்துகினே கீறீங்க? ஒரு எடத்துல குந்துங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை, எழுந்துவிட்டேன். இதை எழுதும்போதும் நடுவில் நாலைந்து தடவை எழுந்து போய்த்தான் வருவேன். கையெழுத்து மாறுகிற இடங்களில் அதுதான் நடந்தது என்று தெரிந்துகொள். முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ கூரியரில் அனுப்பிய மொழிபெயர்ப்புக் கட்டு முழுவதையும் படித்துவிட்டேன். இடப்பக்கம் நாவல் எழுதிய அந்த ஓமான் அம்மையாரின் அரபி, வலப்பக்கம் உன் ஆங்கிலம். என் அரபி ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்று பொறுக்கியது, நாவல் படிக்கிற அரபி இல்லை. அகராதியும் கண்ணாடியுமாகப் பத்து நாள் ஆயிற்று. பெருமையாக இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கதையில், மகன் ஊர் திரும்பினான் என்று கேட்ட கிழவர், 'என் நெஞ்சைப் பனியாகக் குளிர வைத்தாய்' என்கிறார். நீ ஆங்கிலத்தில் அவர் நெஞ்சைச் சூடாக்கி வைத்திருக்கிறாய். ஏண்டி, சித்திரை வெயிலில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அதன்மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவள்தானே நீ? நீ தட்டைக் காலி செய்தால் உன் அம்மா 'வயிறு குளிர்ந்துச்சு' என்பாள். வயிறு சூடாச்சு என்று எந்தத் தாயாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? குளிரில் நடுங்குகிற ஊர்க்காரனுக்குச் சூடுதான் சுகம், அது அவன் குற்றமில்லை. அதற்காகப் பாலைவனத்துக் கிழவர் ஏன் தன் நெஞ்சில் அடுப்பு மூட்டிக்கொள்ள வேண்டும்? இதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், சண்டை போட வேண்டுமானால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். என் நிம்மதியைக் கெடுத்தது அது இல்லை.

நீ கேட்ட பக்கம்தான். சாகக் கிடக்கும் பெண் தன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, 'இவன் உன் கழுத்தில் அமானா' என்கிறாள். அந்தக் கழுத்தோடுதான் மீதி முந்நூறு பக்கமும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாழ்கிறாள். அமானா என்றால் நம்பி ஒப்படைத்த பொருள், கேட்கிற அன்றைக்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டியது. உன் பதிப்பாசிரியர், ஆங்கிலத்தில் கழுத்து என்றால் தொல்லை என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள், சிரித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். நீயும் கழுத்தை எடுத்துவிட்டு 'இனி இவன் உன் பொறுப்பு' என்று போட்டுவிட்டாய். பிறகு மனசு கேட்காமல், பதினெட்டு வருஷம் ஓமானில் வேலை பார்த்தவர் ஆயிற்றே என்று என்னிடம் கேட்டாய். கேட்டது சரிதான். யாரிடம் கேட்டாயோ அந்த ஆள்தான் தப்பு.

உனக்கு அரபி எங்கிருந்து வந்தது என்று பேட்டியில் கேட்டால் என் பெயரைத்தான் சொல்கிறாய். லீவில் வரும்போதெல்லாம் உனக்கு நான் மரியாதைச் சொற்களை விளையாட்டாகக் கற்றுக் கொடுத்தேன். தண்ணீர் கொண்டு வா என்றால் 'மின் உயூனி' என்பாய், 'என் கண்களிலிருந்து' என்று அர்த்தம். பேனா எடுத்து வா என்றால் 'அலா ராஸீ', 'என் தலைமேல்'. அம்மா வேலை சொன்னால் அது கிடையாது, எனக்கு மட்டும்தான். அப்புறம் நீ அரபி படிக்கப் போகிறேன் என்றபோது சபையில் ஆளாளுக்குக் கேட்டார்கள், வேதக்காரப் பிள்ளைக்கு அந்தப் பாஷை எதற்கு, டீச்சர் வேலைக்குப் படிக்க வையுங்கள் என்று. நான் மார்தட்டிக்கொண்டு உன்னை டெல்லிக்கு ரயில் ஏற்றினேன். இப்போது கட்டின் முதல் பக்கத்தில், 'எனக்கு முதல் சொற்களைக் கொண்டுவந்து தந்த அப்பாவுக்கு' என்று போட்டிருக்கிறாய். அந்தச் சொற்களை நான் எப்படிப் புழங்கினேன் என்பதை நீ தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கம் அச்சேறக் கூடாது.

நீ ஏழாவது படித்த வருஷம் நடந்தது. அப்போது நான் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டரில் இருந்தேன். டாக்டர்களில் பாதிப்பேர் நம் நாட்டுக்காரர்கள், அவர்களுக்கு ஆங்கிலம்தான். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அரபி மட்டும்தான். நடுவில் மொழிபெயர்க்க என்று தனியாக ஆள் கிடையாது. அரபி பேசுகிற குமாஸ்தாவைக் கூப்பிடுவார்கள், அது பெரும்பாலும் நான்தான். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. யார் எதைக் கேட்டாலும் என் கண்ணிலிருந்து, என் தலைமேல் என்று வாரி இறைப்பேன். சீட்டு எழுதித் தரச் சொன்னாலும் தலைமேல்தான், கழிப்பறை எங்கே என்று கேட்டாலும் கண்ணிலிருந்துதான். வெளிநாட்டுக்காரன் இவ்வளவு அழகாகப் பேசுகிறானே என்று பெரியவர்கள் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். கடைக்காரன் ரசீதோடு மிட்டாய் கொடுக்கிற மாதிரி நான் அந்தச் சொற்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டி ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்து வலது கால் நசுங்கிவிட்டது. உடனே காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் போக முடியாது என்றார் டாக்டர். பையனுக்குத் தகப்பன் இல்லை. மாமன் வழியில் வந்துகொண்டிருந்தான். தாய் மட்டும் கூட இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர். என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. என் கையிலிருந்த ஃபைலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நிறையப் பேசினார். எடுக்கிற காலைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், அதைத் துணியில் சுற்றி மண்ணில் புதைக்க வேண்டும், அது எங்கள் வழக்கம் என்றார். பையனுக்கு இருட்டு என்றால் சின்னதிலிருந்து பயம், தன்னை உள்ளே விட மாட்டார்களாம், மயக்கம் தெளியும்போது பாஷை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். 'உனக்குத் தாய் இருக்கிறாளா?' என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். 'அப்படியானால் இவன் உன் கழுத்தில் அமானா' என்றார்.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "யெஸ்ஸா, நோவா? எனக்கு அது மட்டும் போதும்" என்றார்.

நான் அந்த அம்மாளிடம் 'அலா ராஸீ' என்றேன். டாக்டரிடம் "யெஸ்" என்றேன். ஃபைலில் கைநாட்டு வாங்கினேன்.

இப்போது புரிகிறதா, போதுமா போதாதா என்று நீ கேட்டதும் நான் ஏன் போனைக் கீழே வைத்தேன் என்று? காலைக் கேட்டார், சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார், சொல்லவில்லை. டாக்டருக்கு வேண்டாத பேச்சு, நேரம் போகிறது என்று நானே வெட்டினேன். வேண்டியது எது, வேண்டாதது எது என்று தீர்மானிக்க நான் யார்? இரண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது. ஊழியர்களை அறைக்குக் கொண்டுபோகிற பஸ் வாசலில் நின்றது. ஏறிப் போய், சாம்பார் வைத்துச் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது பாப்பா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பையன் மறுநாள் மத்தியானம் இறந்துபோனான். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். கால் போனதால் சாகவில்லை, நான் ஒழுங்காகச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் கண் விழித்திருந்த சில மணி நேரமும் பக்கத்தில் பாஷை தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று எனக்கு வார விடுமுறை. அந்த அம்மாளிடம் செய்தி சொல்லவும் ஆள் இல்லை. வராந்தாவில் மூன்று மணி நேரம் அனாமத்தாக உட்கார்ந்திருந்திருக்கிறார், கடைசியில் தரை துடைக்கிற பெண் சைகையில்தான் சொன்னாளாம். நம் ஊர் அனாமத்து அந்த அமானாவிலிருந்து வந்தது என்று ஒருமுறை நீதான் எனக்குச் சொன்னாய். அங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது, நம் வாய்க்கு வந்ததும் கேட்பாரில்லாமல் கிடப்பது என்று ஆகிவிட்டது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கை கழுவினேனே, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

அதற்கடுத்த நாள் நான் வேலைக்கு வந்தபோது அந்த அம்மாள் கவுண்டர் எதிரில் நின்றார். மகனை அடக்கம் செய்யும் முன் காலை வாங்கிப் போக வந்திருந்தார். அது முதல்நாளே ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிந்துபோய்விட்டது. அவர் டாக்டரைத் தேடவில்லை, மேனேஜரைத் தேடவில்லை, என்னைத் தேடினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவரைப் பார்த்ததும் நான் குனிந்துவிட்டேன். கூட வேலை செய்தவனிடம், லீவில் போய்விட்டான் என்று சொல்லிவிடு என்றேன். சொன்னான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் போனார். அடக்கம் முடிந்தபிறகும் இரண்டு நாள் வந்தாராம். அந்த வாரமே, வீட்டில் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

நீ ஏழாவது படிக்கும்போது அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது உனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட அதைச் சொன்னாய். 'என்னைப் பார்க்காம இருக்க முடியலன்னு ஓடி வந்துட்டாரு எங்கப்பா' என்று. நாலு மாசம் உன்னை சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன், வந்தவாசி ரோட்டில் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன், புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தந்தேன். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் ஓடி வந்தது உன்னைப் பார்க்க இல்லை. உன் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். பிறகு வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொண்டு திரும்பிப் போனேன், ஒன்பது வருஷம் இருந்தேன், அந்த மலைப்பக்கம் ஒருநாள்கூடப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை முள்ளிப்பட்டுக்குப் போய் உன் சித்தப்பாவிடம் முதன்முதலாக இதைச் சொன்னேன். தறியில் உட்கார்ந்திருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான். நாடா அடிக்கிற சத்தம் நின்றதும் வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது, உன் சித்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில், "எம்மாம் வருஷம் ஆச்சி, உடுண்ணா. நீ இன்னா டாக்டரா? அவங்க சொல்லச் சொன்னத சொன்ன, அவ்ளோதான?" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான், பாவம். இருபத்தோரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதே வசனம்தான். இன்னொருவன் வாயிலிருந்து வந்ததும் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று தெரிந்தது. சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை, அதுதானே விஷயம். டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். பெரணமல்லூரில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள், முழுவதும் கேட்காமல் எதற்கும் வாய் திறக்க மாட்டாள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "இத்தினி வருஷமா என்கிட்ட கூட சொல்லல இல்ல" என்றாள். "பாப்பா எழுதின அந்த மொதல் பக்கத்த எடுத்துடச் சொல்லப் போறேன்" என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அத எடுக்கச் சொல்ல நீங்க யாரு? அது அவ எழுதுனது. நீங்க நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க, வெக்கறதா எடுக்கறதான்னு அவ பாத்துக்குவா. இதுலயும் நீங்களே வெட்டி ஒட்டாதீங்க" என்றாள். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி, எனக்கு வருத்தம் இருக்காது என்று சொன்னால் பொய். எடுத்தால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் உன் இஷ்டம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போதாது. பொறுப்பு என்பது ஷிப்ட் முடிந்ததும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறக்கூடிய சமாச்சாரம். உன் நாவலில் வருகிற பக்கத்து வீட்டுக்காரி அப்படி எங்கும் இறக்கி வைக்கவில்லை, கல்யாணம் கட்டாமல், ஊரைவிட்டுப் போகாமல், சாகும்வரை அந்தப் பிள்ளையைச் சுமக்கிறாள். கழுத்து என்று ஒரு தடவை காதில் விழாமல் அவள் ஏன் அப்படிக் கிடந்தாள் என்று உன் இங்கிலீஷ்காரனுக்கு எப்படிப் புரியும்? முதல் தடவை படிக்கும்போது சிரித்தால் சிரிக்கட்டும். இருநூறாம் பக்கத்தில் சிரிக்க மாட்டான். அடிக்குறிப்புப் போட்டு விளக்காதே, அவனைக் கொஞ்சம் தடுமாற விடு. நான் தேர்ந்த மொழிபெயர்ப்பாளன் இல்லை, கெட்ட மொழிபெயர்ப்பாளன், அதனால் இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்கலாம். கேட்கிறவனுக்குப் பழக்கமில்லை என்று பேசுகிறவளின் பேச்சை நீ வெட்டினால், அவன் கையில் நீ கொடுப்பது வெறும் ஒரு 'யெஸ்'தான். எந்த எடிட்டருக்காகவும் அவசரப்படாதே. நாளை முடியாது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று கேள். கொடுக்கவில்லை என்றால் சண்டை போடு, உனக்கு அது நன்றாக வரும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இத்தனை நடை. பிப்ரவரியில் நாவல் எழுதிய அந்த அம்மையாரைப் பார்க்க நீ மஸ்கட் போகிறாய். அங்கிருந்து ஒருநாள் வண்டி பிடித்தால் அந்த மலைக்கிராமத்துக்குப் போய்வந்துவிடலாம். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும், பதிவேட்டில் என் கையால் எழுதியது. உன்னைப் போய் அந்த அம்மாளைப் பார்த்து, என் சார்பில் மன்னிப்புக் கேட்டு வரச் சொல்லலாம் என்று நேற்று ஒரு பக்கம் எழுதினேன். என்னைவிட நீ நன்றாகப் பேசுவாய், இலக்கணம் பிசகாமல், அவர் மனசு ஆறும்படி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. மறுபடியும் ஷிப்ட் மாற்றிவிடப் பார்க்கிறேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இன்று காலையில் வேலூர் போய் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். உன்னோடு நானும் வருகிறேன். அவர் உயிரோடு இருந்தால் எழுபதுக்கு மேல் இருக்கும். இல்லையென்றால் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சொல்கிறேன். வாசல் வரைக்கும் கூட வா, உள்ளே வேண்டாம். என்னை வையலாம், துரத்தலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எதுவாக இருந்தாலும் நடுவில் யாரும் நிற்க வேண்டாம். அவர் சொல்வது எனக்குப் புரியும். அன்றைக்கும் முழுவதும் புரிந்தது.